சாவி எடுத்த நாட்கள்

போன வாரம் நம் புரோகிராமர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி வந்திருந்தது. கேட்டவர் பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். "மேடம், ஒரே ஆள் ஒரே நாள்ல ரெண்டு மூணு தடவை பதிவு பண்ணினா, எஸ்க்யூலைட்ல இன்சர்ட் ஆர் இக்னோர் போட்டுட்டா போதும்தானே?" கீழே நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன்.

வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எனக்குப் பிடித்த காரியம். டேட்டாபேஸ் பூட்டிக்கொண்டு அலறுகிறது என்பீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதப் போனால் அலறத்தான் செய்யும், ஒருத்தரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லு என்பேன். பென் டிரைவில் காப்பி எடுத்தேன், நேற்றைய பதிவைக் காணோம் என்பீர்கள். பக்கத்திலேயே இருந்த இன்னொரு ஃபைலை விட்டுவிட்டு வந்திருப்பாய், போய் எடுத்து வா என்று திட்டுவேன். இதற்கெல்லாம் விடை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்குக் கொளஞ்சியின் ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை, எங்களுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பொழுது போகாமல் மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். செல்போன் கடைக்கு மேல் மாடியில் இரண்டே அறை. அதை நடத்தியவரை நாங்கள் சார் என்போம். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "உனக்கு மண்டை இருக்கும்மா, பயம்தான் ஜாஸ்தி" என்பார். அந்த ஒரு பேச்சில்தான் நான் மேலே வந்தேன். பின்னால் அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். இரண்டும் ஒரே மனிதர்தான்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு, ஊரில் எங்கே பார்த்தாலும் விரல்ரேகை மெஷின் வந்துகொண்டிருந்த காலம். மைன்ஸ் கம்பெனியின் ஆபீஸ் கட்டிடங்களைக் கூட்டிப் பெருக்குகிற வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். அவரிடம் ஒரு ஷெட்டில் ஆறு பெண்கள் இருந்தார்கள். காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். வருகையை சூப்பர்வைசர் ஒரு நோட்டில் எழுதுவார், அதை வைத்துத்தான் சம்பளம். ஆனால் அந்த நோட்டின் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. வராதவருக்கும் வந்ததாக எழுதுகிறார் என்று பேச்சு. ஆகவே வருடக் கடைசியில் நாள் கணக்குப் பார்ப்பதற்கு மட்டும் மெஷின் வேண்டும் என்றார்.

அந்த நாள் கணக்கு என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காண்ட்ராக்ட் ஆட்கள் வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்திருந்தால் பெயர் ஒரு சீனியாரிட்டி லிஸ்டில் ஏறும். அதில் ஏறினால்தான் என்றைக்காவது பெர்மனன்ட் என்ற பேச்சுக்கே இடம். எங்கள் ஊரில் பெர்மனன்ட், காண்ட்ராக்ட் என்ற இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் கல்யாணம், படிப்பு, வாடகை வீடு எல்லாம் கிடக்கிறது. லிஸ்டில் ஏறுவதற்கு வயது வரம்பும் உண்டு. ஆறு பேரில் கொளஞ்சிக்கு அதுதான் கடைசி வருடம். அந்த முறை விட்டால் அவளுக்கு எந்த லிஸ்டும் கிடையாது.

ஷெட்டுக்குள் நெட் வசதி இல்லை. அதனால் ஒரு பழைய லேப்டாப்பில் விரல் வைக்கிற கருவியைச் சொருகி, உள்ளேயே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வைத்துக் கொடுத்தேன். ஒரே ஃபைல், சர்வர் கிர்வர் ஒன்றும் வேண்டாம், வாரம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்துவந்தால் போதும். எனக்கு அவ்வளவு பெருமை. பெருக்குகிறவர்களின் விரல் காய்ந்து வெடித்திருக்கும், ஒரே தடவையில் பதியாது. பதிந்ததோ இல்லையோ என்று மூன்று நாலு தடவை வைப்பார்கள். அதனால் ஓர் ஆளுக்கு ஒரு தேதிக்கு ஒரு வரிதான் என்று கட்டுப்பாடு போட்டு, இன்சர்ட் ஆர் இக்னோர் எழுதினேன். அதாவது, இந்த ஆளுக்கு இந்தத் தேதியில் ஏற்கெனவே வரி இருந்தால் சத்தம் போடாமல் விட்டுவிடு. தேதிக்கு, இன்றைக்கு என்ன தேதி என்று எஸ்க்யூலைட்டையே கேட்டுக்கொள்ளும்படி விட்டேன். விரல் அடையாளம் தெரிந்ததும் பச்சை விளக்கு எரியும். வரி உள்ளே போனதா இல்லையா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் உட்கார்ந்து இரண்டு வாரம் சோதித்தேன். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. ஒரு தப்பு இல்லை.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாவி முறை என்பார்கள். ஆறு பெண்களும் ஆளுக்கு ஒரு கிழமை. அன்றைக்கு முறை யாருடையதோ அவள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தேகாலுக்கே வந்து ஷெட்டைத் திறந்து, விளக்குமாறு, பக்கெட்டெல்லாம் எடுத்து வெளியே வைத்து, லேப்டாப்பையும் போட்டுவிட வேண்டும். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸில் ஐந்தே முக்காலுக்கு வருவார்கள். கொளஞ்சியின் முறை செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை முறைக்காரிக்கு, வீடு கழுவி விளக்கேற்றிவிட்டு வர வேண்டும். "அக்கா, வெள்ளிக்கிழம மட்டும் நீ எடுத்துக்கினு போயேன்" என்று வருட நடுவில் ஒரு நாள் கேட்க, இவள் சரி என்று வாங்கிக்கொண்டாள். அப்படியே அது அவளுடைய முறையாகிவிட்டது. இந்த விவரமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வருடம் முடிந்து கணக்குப் பார்த்தபோது ஐந்து பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். கொளஞ்சிக்குப் பத்தொன்பது நாள் குறைந்தது.

லிஸ்ட் போவதற்கு மூன்று வாரம் முன்னால் காண்ட்ராக்டரின் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். நானும் சாரும் போனோம். மேனேஜர் மேசையில் ஒரு பக்கம் சூப்பர்வைசரின் நோட்டு, ஒரு பக்கம் என் பிரின்ட் அவுட். நோட்டின்படி கொளஞ்சி வந்திருக்கிறாள். மெஷின்படி வரவில்லை. சூப்பர்வைசர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வேறு இரண்டு பேருக்கு அவர் பொய்யாக வருகை போட்டது அந்த வாரம்தான் வெளியே வந்திருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. கொளஞ்சி வாசல்படிக்கு உள்ளே ஓரடி வந்து நின்றாள். ஒல்லியான பெண், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஒரு டெய்லி காலண்டர் அட்டை.

மேனேஜர் பிரின்ட்டைத் தட்டிக் காட்டினார். "பாருங்க, செவ்வாக்கிழமை ஆப்சென்ட், வெள்ளிக்கிழமை ஆப்சென்ட். மறுபடியும் செவ்வாய், மறுபடியும் வெள்ளி. ஏம்மா, மாரியாத்தா கோயிலுக்குப் போய்க்கிட்டு இருந்தியா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயில் நாள் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தக் காரணம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பிரின்ட்டில் வெள்ளிக்கிழமை முறைக்காரியைத் தவிர மற்ற நாலு பேருக்கும்கூட வாரத்துக்கு ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்திருந்தது. அவர்கள் வரம்பைத் தாண்டிவிட்டதால் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. நான் புரட்டியிருக்க வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூட்டிவந்திருந்தார்கள்.

கொளஞ்சி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கோயிலுக்கெல்லாம் போவலம்மா. நான் சாவி எடுத்த நாளு பூரா ஆப்சென்ட்டு உழுந்திருக்கு. எம் பொண்ண வுட்டு காலண்டர்ல பாத்து டிக் போட்டுக்கினு வந்திருக்கேன், பாருங்க. சீக்கிரமா வந்த அன்னிக்கிதான் போவுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, லேட்டா வந்தா ஆப்சென்ட் போடுவாங்க. சீக்கிரம் வந்தா யாராவது ஆப்சென்ட் போடுவாங்களா?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

"பச்ச வெளக்கு எரிஞ்சிதும்மா. நான் பாத்தேன். மிசினப் போட்டதே நாந்தான். நான் போடலன்னா யாரும் வெரலே வெக்க முடியாது."

அப்போது மேனேஜர் சிரிப்பை விட்டுவிட்டு நேராகவே கேட்டார். "மேடம், எனக்கு ஒரே வார்த்தை சொல்லுங்க. நோட்டு சரியா, மெஷின் சரியா?"

உங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். எதிரில் பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உங்களை வேலைக்கு வைத்தவர் இருப்பார். நீங்கள் எழுதிய புரோகிராம் மேசையில் கிடக்கும். "ரெண்டு நாள் டைம் குடுங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் என் புரோகிராமில் எனக்கே சந்தேகம் என்று ஆகிவிடுமே! டைப்ரைட்டிங் படித்துவிட்டு வந்தவள்தானே என்று நினைத்துவிடுவார்களே! அந்த பயம்தான். "மெஷின்தான் சார் சரி. அது யார் முகத்தையும் பார்த்துப் போடாது" என்றேன். சார் தலையாட்டினார். மேனேஜர் நோட்டை மூடினார்.

கொளஞ்சி காலண்டர் அட்டையை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். அந்த அட்டையை நான் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் ஐந்து பேரின் பெயரோடு லிஸ்ட் போனது.

இரண்டு மாதம் கழித்து மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் ஒரு பால் சங்கத்துக்கு சாஃப்ட்வேர் கொடுத்தோம். அதே எஸ்க்யூலைட், பாதிக்குப் பாதி அதே புரோகிராம், நான் அப்படியே எடுத்து ஒட்டினேன். முதல் நாள் விடிந்தும் விடியாமலும் சங்கச் செயலாளர் போன் பண்ணினார்.

"இன்னாங்க மேடம், காலைல ஊத்தற பாலுக்கு நேத்து தேதி போட்டுக்கினு இருக்குது உங்க மிசினு? அஞ்சரைக்கு மேல வந்தவனுக்கு மட்டும் இன்னிக்கித் தேதி வருது!"

"மன்னிச்சுக்குங்க சார். இதோ பாத்துடறேன் சார்" என்றேன். அவரிடம் கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்கவில்லை. நிச்சயமாகத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே லேப்டாப்பைத் திறந்தேன். பத்தே நிமிடத்தில் தெரிந்துபோயிற்று. எஸ்க்யூலைட்டிடம் இன்றைய தேதி என்ன என்று சும்மா கேட்டால் அது லண்டன் பக்கத்து நேரத்தை வைத்துத்தான் சொல்லும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்குக் காலை ஐந்தரை ஆனால்தான் அதற்குப் புதுத் தேதி பிறக்கும். உள்ளூர் நேரம் சொல்லு என்று கூட ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது. புத்தகத்தில் முதல் பத்துப் பக்கத்துக்குள் இருக்கிற சங்கதி. வார்த்தையைச் சேர்த்தேன், அவருக்கு போன் செய்தேன், "பலே மேடம்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் கொளஞ்சியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை கொளஞ்சி ஐந்தே முக்காலுக்கு வருகிறாள். திங்கள் தேதியில் ஒரு வரி. செவ்வாய்க்கிழமை சாவி எடுத்துக்கொண்டு ஐந்தேகாலுக்கு வருகிறாள். மெஷினுக்கு அது இன்னமும் திங்கள். திங்களுக்குத்தான் வரி இருக்கிறதே என்று சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டுகிறது. அவள் பார்த்துவிட்டுப் பெருக்கப் போகிறாள். செவ்வாய் ஆப்சென்ட். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் எழுந்து போகவில்லை.

சீக்கிரம் வந்த அன்றைக்குத்தான் போகிறது என்று அவள் சொன்னாளே! இதைவிடச் சரியாக ஒரு தப்பை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அப்படி எழுத வராது. பால் சங்கச் செயலாளர் சொன்னதும் அதேதான். அவர் சொன்னபோது உடனே நம்பினேன். விளக்குமாறு பிடிக்கிறவள் சொன்னபோது சிரித்தேன். என் வயதுக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"லிஸ்ட் போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சு சார்."

"இப்போ நாம போய்ச் சொன்னா, ஆறு பேர் கணக்கும் தப்புன்னு ஆவும். அந்த மேனேஜர் நாளைக்கே எல்லாத்தையும் தூக்கிடுவான். இந்த ஆபீசுல உன்னைச் சேர்த்து அஞ்சு பேர் சாப்பிடறாங்கம்மா. இனிமே சரியா வருமில்ல? சும்மா அப்டேட்டுன்னு சொல்லிப் போட்டுட்டு வந்துடு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தார். எனக்கு அவரைவிட அதிகப் பயம், ஆனால் அதற்கு நன்றிக்கடன் என்று பேர் வைத்துக்கொண்டேன். பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மத்தியானம், பெண்கள் யாரும் இல்லை. சூப்பர்வைசரிடம் "சின்ன அப்டேட்" என்றேன். இரண்டு நிமிட வேலை. மேசை டிராயர் திறந்திருந்தது. உள்ளே வருகை நோட்டு, அதன் கடைசிப் பக்கங்களில் சாவி கணக்கு. யார் எந்த நாள் சாவி வாங்கினார்கள் என்று கையெழுத்தோடு வரிசையாக இருந்தது. கொளஞ்சி பெயருக்கு நேரே பெருவிரல் ரேகை இல்லை, கோணல்மாணலானாலும் கையெழுத்து. என் மெஷின் தொலைத்த நாளெல்லாம் அதில் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள், "உனக்கு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சொன்னேன். சிகரெட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாதா?" மறுநாள் சாரிடம் சொல்லாமலே மேனேஜரைப் பார்க்கப் போனேன். தப்பு என்னுடையது, இத்தனை நாள் இப்படிப் போயிருக்கிறது என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன்.

மேனேஜர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். காண்ட்ராக்ட் கைமாறிப் பத்து நாளாகியிருந்தது. புதியவர் மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"சரிங்க மேடம், நீங்க சொல்றதை நம்பறேன். ஆனா நான் மேல என்னத்தைக் காட்டறது? அந்த நாள்களோட பதிவை எடுத்துக் குடுங்க, எழுதிப் பாக்கறேன்."

பதிவு எங்கே இருக்கிறது? இக்னோர் என்றால் இக்னோர்தான். நிராகரித்த வரியை அது எங்கேயும் எழுதி வைக்காது. ஒரு விரல் வந்து தொட்டதற்கான தடயமே அந்த ஃபைலில் இல்லை. அப்படி எழுதியவள் நான்தான். சாவி நோட்டு இருக்கிறது சார் என்று ஷெட்டுக்கு ஓடினேன். டிராயர் காலி. ஆள் மாறியபோது பழைய காகிதத்தையெல்லாம் கட்டி எடைக்குப் போட்டுவிட்டார்களாம். காலண்டர் அட்டை அவளிடம் இருக்கலாம், ஆனால் அதில் அவள் மகள் போட்ட டிக்கை யார் ஏற்றுக்கொள்வார்கள்? கண்டுபிடித்த அன்றைக்கே போயிருந்தால் மேனேஜரும் இருந்திருப்பார், நோட்டும் இருந்திருக்கும். இருபத்தோரு நாள் நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்ததில் எல்லாம் போயிற்று.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். இன்சர்ட் ஆர் இக்னோர் மட்டும் போதாது. விரல் வைத்த ஒவ்வொரு தடவையையும், நேரத்தோடு, தனியே ஓர் அட்டவணையில் அப்படியே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பதிவை ஒன்றாக்குவது கணக்கெடுக்கும்போது செய்கிற வேலை, பதியும்போது இல்லை. வரி உள்ளே போனது என்று தெரிந்த பிறகு பச்சை விளக்கைப் போடுங்கள். போகவில்லை என்றால் சிவப்பைப் போடுங்கள், கத்தட்டும். சோதிப்பதற்கு உங்கள் ஆபீஸ் நேரத்தில் உட்காராதீர்கள். அதைப் பயன்படுத்துகிறவர் எத்தனை மணிக்கு வருகிறாரோ அத்தனை மணிக்கு அவரோடு போய் நில்லுங்கள். ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். கோபமாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

கொளஞ்சியைப் பார்க்க, முதல் ஷிப்ட் விடுகிற இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். வெயில் கொளுத்தியது. டிபன் தூக்கோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா" என்று நிழலில் இடம் விட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"கொளஞ்சி, நீ கோயிலுக்குப் போகல. நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுது. அஞ்சரைக்கு முன்னாடி விரல் வெச்சா நேத்து தேதின்னு எடுத்துக்கிட்டு மெஷின் தள்ளிடுச்சு. நான் எழுதினது அப்படி. உன் பேரு போனதுக்குக் காரணம் நான்தான். புது மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல."

அவள் டிபன் தூக்கைக் கீழே வைத்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்கு நல்லது என்றும் நினைத்தேன்.

"அஞ்சரையா?" என்றாள். "நான் வெளிச்சம் வந்தாத்தான் எடுக்கும்போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"என்ன சொல்றே?"

"அன்னிக்கி நீங்கல்லாம் பேசிட்டுப் போனீங்க இல்ல, அதுலேர்ந்து வாராவாரம் மிசினு கணக்குப் பேப்பர செவுத்துல ஒட்டச் சொன்னாங்க. நான் ரெண்டு வாரம் வெச்சிப் பாத்தேன். சாவி எடுத்துக்கினு வந்த ஒடனே ஒருக்கா வைப்பேன். பெருக்கிட்டு வந்து நல்லா விடிஞ்சதும் இன்னொருக்கா வைப்பேன். அந்த நாளு வந்துட்ச்சி. அப்பறமா அஞ்சு பேருக்கும் சொல்லிட்டேன், ரெண்டு வாட்டி வையிங்கடின்னு. அதுக்குப் பொறவு ஒருத்திக்கும் ஒரு நாளு போவலம்மா."

நான் திருத்துவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே அவள் திருத்திவிட்டிருந்தாள். "அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கொளஞ்சி" என்றேன். சொல்லும்போதே அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று பட்டது.

"வந்தனேம்மா. மந்தாரகுப்பத்துல உங்க ஆபீசுக்கு. மாடி ஏறி வந்தேன். நீங்க போன்ல பேசிக்கினு இருந்தீங்க. ஒக்காருன்னு கைய காட்டனீங்க. ரொம்ப நேரம் ஒக்காந்து பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிட்ச்சி, எழுந்து வந்துட்டேன்."

"எப்போ இது?"

"லிஸ்ட்டு அனுப்பனாங்க இல்ல, அதுக்கு மொத நாளு."

பஸ் வந்தது. "வரேம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அவள் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த அந்த நாளை நான் இத்தனை வருடமாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். யாரோடு போன் பேசினேன், என்ன அவ்வளவு முக்கியம், எதுவும் தெரியவில்லை. அப்படி ஒருத்தி வந்ததே எனக்கு ஞாபகத்தில் இல்லை.